டிசம்பருக்குப் பூஜ்யம்

ஜூலை 8, திங்கள்

காலையிலேயே சிங்கப்பூரிலிருந்து ஹுய் லிங் கூப்பிட்டாள். மருந்துக் கம்பெனியின் சார்பில் எங்கள் ஆய்வைக் கண்காணிப்பவள் அவள்தான். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தி மனத்தை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

"ஜோவிதா, நாப்பது பேர் சேருவாங்கன்னு சொன்னீங்க. ஒன்பது பேர்தான் சேர்ந்திருக்காங்க. மிச்சக் களிம்பு எல்லாம் தேதி முடிஞ்சுபோச்சு. எரிக்கச் சொல்லிட்டாங்க."

சர்க்கரை நோயாளிகளின் காலில் ஆறாமல் கிடக்கும் புண்ணுக்கான களிம்பு அது. ஃபிரிட்ஜில் வைத்தாலும் சில மாதம்தான் தாங்கும். எத்தனை பேர் வருவார்கள் என்று நாங்கள் சொல்வதை நம்பித்தான் அனுப்புகிறார்கள். நாங்கள் சொன்ன லட்சணம் இது.

நாற்பது என்று சொன்னது நானில்லை. எங்கள் தலைமை மருத்துவர் வில்யாரூஸ். கூட்டத்தில் செபு நிலையத்துக்காரர் முப்பத்தைந்து என்றார், தவாவோ நிலையத்துக்காரர் முப்பத்தெட்டு என்றார். நம் ஆள் சும்மா இருப்பாரா? ஆனால் நோயாளிகளைச் சேர்க்கும் பொறுப்பு என்னுடையது, அதனால் பட்டமும் எனக்கு. நர்ஸ் ஆர்னெல் இன்றிலிருந்து என்னை 'மனாங் நாற்பது' என்கிறான். அக்கா என்கிற மரியாதையை விட்டுவிடாமல் கிண்டல் செய்கிறானாம்.

கடைசியாக ஒன்று சொன்னாள் ஹுய் லிங். இந்த முறை மாதவாரியாக ஒரு கணிப்பு கொடுக்க வேண்டும். ஜனவரி கடைசியில் அதையும் நிஜத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டவில்லை என்றால் எங்கள் இலோய்லோ நிலையத்தை மூடிவிட்டு எங்கள் இடத்தை பாங்காக்குக்குக் கொடுத்துவிடுவார்கள். ஏற்கெனவே சேர்ந்த ஒன்பது பேர் மணிலாவுக்குப் போய்க் காலைக் காட்ட வேண்டும்.

புண் காலோடு விமானம் ஏறுவார்களா? மாட்டார்கள். வீட்டோடு கிடப்பார்கள். அப்புறம் ஒருநாள் காலை எடுக்கத்தான் இங்கே கொண்டுவருவார்கள்.

ஜூலை 9, செவ்வாய்

நாற்பது! இன்னும் ஆறவில்லை எனக்கு.

ஜூலை 19, வெள்ளி

இந்த மாதம் ஆறு பேர் சேர்கிறேன் என்றார்கள். சிரித்துக்கொண்டே சொன்னார்கள், நாளும் குறித்துக்கொண்டு போனார்கள். வந்தது ஒருவர்.

எங்கள் ஊரில் டாக்டர் முகத்துக்கு நேரே யாரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். அவ்வளவு படித்த மனுஷர், உட்காரவைத்து விளக்குகிறார், அவர் மனம் நோகலாமா? தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கூப்பிட்டால் மழை, பேரனுக்குக் காய்ச்சல், ஜீப்னி வண்டி கிடைக்கவில்லை. ஒருவர்கூட விருப்பமில்லை என்று சொன்னதில்லை. நான் அந்தத் தலையாட்டல்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர் மட்டும் என்ன? நோயாளி டாக்டரிடம் தலையாட்டுகிறார், டாக்டர் சிங்கப்பூரிடம் தலையாட்டுகிறார். எல்லோரும் நல்லவர்கள்தான். களிம்புதான் கெட்டுப்போகிறது.

ஆகஸ்ட் 3, சனி

மியாகாவோவுக்கு ஜீப்னியில் போனோம், நானும் ஆர்னெலும். ஊருக்கே அத்தையான தியா பாசிங் வீட்டுக்கு. மூன்று முறை வருகிறேன் என்று சொல்லி மூன்று முறையும் வராமல் இருந்த அம்மாள் இவர். திட்டிவிட்டு வருவது என்றுதான் கிளம்பினேன்.

திட்ட விட்டால்தானே. உள்ளே நுழைந்ததும் கஞ்சி, அதன்மேல் கோழி, அப்புறம் வாழைப்பழப் பொரியல், அப்புறம் இன்னொரு கிண்ணம் கஞ்சி. வலது கால் முழுக்கத் துணி சுற்றியிருந்தது. துணியைத் தாண்டி வாடை வந்தது. அந்தக் காலோடுதான் எங்களுக்கு ஓடி ஓடிப் பரிமாறினார்.

"தியா, உங்களுக்கு இஷ்டமில்லைன்னா சொல்லிடுங்க. நாங்க கோவிச்சுக்க மாட்டோம்" என்றேன்.

"ஐயோ, இஷ்டமில்லாம என்ன பொண்ணே! மழை விடட்டும்."

வெளியே வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. ஆர்னெல்தான் கஞ்சியை ஊதிக்கொண்டே, சும்மா பேச்சுக்குக் கேட்கிற மாதிரி கேட்டான். "இதுல சேர்ந்தீங்கன்னா வீட்ல யாருக்காவது கோவம் வருமா தியா?"

அம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். கண் நிறைந்துவிட்டது.

மகள் நோராலின் ரியாத்தில் நர்ஸ். அவள் அனுப்புவதில்தான் இந்த வீடே நிற்கிறது. "நான் ஆஸ்பத்திரில போய் ஓசி மருந்து தடவிக்கிட்டேன்னா ஊர்ல என்ன பேசுவாங்க? மகள் கைவிட்டுட்டா போலன்னு பேசுவாங்க. அது அவ காதுக்குப் போனா அங்க உக்காந்து அழுவா. ராவும் பகலுமா உழைக்கிற பொண்ணு."

"அவங்களுக்குப் புண்ணு இருக்கிறது தெரியுமா?"

"வீடியோல முகத்தை மட்டும்தான் காட்டுவேன்."

மருந்துக்குப் பயம், ஊசிக்குப் பயம், சோதனை எலியாகிவிடுவோமோ என்று பயம் என்றெல்லாம்தான் இத்தனை நாளும் கூட்டங்களில் பேசிக்கொண்டிருந்தோம். பயமே இல்லை. பெற்ற பெண்ணுக்கு அவமானம் வந்துவிடக் கூடாது என்று ஒரு தாய் காலை அழுகவிட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

நோராலினுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. தியா சம்மதித்த பிறகு, அவரையும் வைத்துக்கொண்டே கூப்பிட்டோம்.

"அம்மா, காலைக் காட்டு." காட்டினார். அப்புறம் தாய்க்கு விழுந்தது பாருங்கள் திட்டு! ஆர்னெல் எழுந்து வெளியே போய்விட்டான். அழுது முடித்ததும் நோராலின் நர்ஸாகிவிட்டாள். என்னைக் குடைந்து எடுத்தாள். பக்க விளைவு என்ன, யார் பொறுப்பு, பாதியில் விலகலாமா, எல்லோருக்கும் நிஜக் களிம்புதானா?

"இல்லை. பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் களிம்பு. யாருக்கு எதுன்னு எங்களுக்கே தெரியாது. ஆனா ரெண்டு தரப்புக்குமே வாராவாரம் புண்ணைச் சுத்தம் பண்ணிக் கட்டுவோம்."

"சரி, உள்ளதைச் சொல்றீங்க" என்றாள். பிறகு தாயிடம்: "போம்மா. ஊர்ல யாராவது கேட்டா, என் மக ரியாத்திலேர்ந்து ஏற்பாடு பண்ணிக் கொடுத்ததுன்னு சொல்லு."

தியா பாசிங் முகத்தைப் பார்க்க வேண்டுமே! திங்கட்கிழமை வரச் சொன்னோம். மழை கொட்டியது, வந்துவிட்டார்.

(கடைசி வரி திங்களன்று சேர்த்தது. எழுதாமல் இருக்க முடியவில்லை.)

ஆகஸ்ட் 16, வெள்ளி

இப்போது எல்லோரிடமும் அதே கேள்விதான். "நீங்க சேர்ந்தா வீட்ல யாருக்குக் கோவம் வரும்?"

முதலில் சிரிக்கிறார்கள், பிறகு உடனே பதில் வந்துவிடுகிறது. சேர்கிறீர்களா என்று கேட்டால் நழுவுகிற அதே ஆட்கள்! மகன் கப்பலில் இருக்கிறான், அவனுக்குத் தெரியாமல் முடியாது. அக்கா ஹாங்காங்கில் ஒரு வீட்டில் வேலை, அவள்தான் எனக்கு இன்சுலின் வாங்குகிறாள். பணம் போடுகிறவர் கையில்தான் கால் இருக்கிறது. இத்தனை நாள் நாங்கள் தவறான ஆளிடம் கையெழுத்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

இன்று ஒரு கிழவர், ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி, என்னை முறைத்துப் பார்த்துச் சொன்னார்: "யாருக்கும் கோவம் வராது. எனக்குத்தான் இஷ்டமில்லை."

எனக்குக் கிடைத்த முதல் 'மாட்டேன்'! கட்டிப்பிடிக்காத குறை. காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். மனிதர் குழம்பிப்போய்விட்டார்.

செப்டம்பர் 12, வியாழன்

கணிப்புக்கு உட்கார்ந்தேன். ஒரு கோடு நெளிந்து நெளிந்து தானாக வருகிறது.

ரியாத் பிள்ளைகளை வெள்ளிக்கிழமை பிடிக்கலாம், ஹாங்காங் பெண்களை ஞாயிற்றுக்கிழமை. அவர்களுடைய பெற்றோர் மாதத்துக்கு மூன்று நான்கு பேராக வந்துகொண்டிருப்பார்கள். ஆனால் எங்கள் ஊர் கப்பல்காரர்களின் ஊர். என் நோயாளிகளில் பாதிக்கு மேல் அவர்களுடைய அப்பா அம்மா. நடுக்கடலில் இருப்பவனிடம் போனில் பேசி ஒன்றும் ஆகாது. "அவன் வரட்டும், நேர்ல பார்க்கட்டும்" என்றுதான் எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். அவர்கள் எப்போது வருவார்கள்? ஒப்பந்தம் முடிந்து கிறிஸ்துமஸுக்கு வருவார்கள். வந்தால் ஜனவரித் திருவிழா முடியாமல் கிளம்பமாட்டார்கள்.

டிசம்பரில் சேர்ப்பார்களா? கிறிஸ்துமஸுக்கு முன் ஒன்பது நாள் விடியற்காலைப் பூசை, பன்றித் தொடை, கரோக்கே. காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு யார் வருவார்கள்? நானே வரமாட்டேன்.

ஆக: டிசம்பர் பூஜ்யம். ஜனவரியில் இருபதிலிருந்து இருபத்தைந்துக்குள்.

செப்டம்பர் 20, வெள்ளி

டாக்டர் வில்யாரூஸுடன் சண்டை. நல்ல சண்டை.

"டிசம்பருக்குப் பூஜ்யமா? என் பேரைப் போட்டுப் பூஜ்யம்னு அனுப்பப்போறியா ஜோவி? செபுல என்ன போட்டிருக்கான் தெரியுமா?"

"என்ன போட்டிருக்கார் டாக்?"

"மாசத்துக்கு எட்டு!"

"போன தடவையும் போட்டார். எத்தனை பேர் வந்தாங்க?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, பூஜ்யம் வேண்டாம். அஞ்சு போடு. மரியாதையா இருக்கும்."

"போடமாட்டேன்."

"மூணு?"

"இது மீன் மார்க்கெட் இல்ல டாக்."

"ஒண்ணு! ஒண்ணு போட்டா என்ன குறைஞ்சுபோகும்?"

"ஒருத்தருக்கான களிம்பு எரியும். உங்க பேர்ல எரியும்."

அரைமணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் மேஜைக்கு வந்து, நிற்கக்கூட நிற்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். கெட்டவர் இல்லை. யாரையும் ஏமாற்றமடைய விடக் கூடாது என்கிற ஒரே வியாதி.

செப்டம்பர் 24, செவ்வாய்

ஹுய் லிங் பார்த்துவிட்டாள். "என்ன ஜோவிதா, மலை மாதிரி வரைஞ்சிருக்கீங்க? மத்த எல்லாரும் நேர்கோடு அனுப்பியிருக்காங்க."

காரணங்களைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை, கப்பல், பூசை, கரோக்கே. குறுக்கே பேசாமல் கேட்டாள். "எங்க அப்பாவும் இப்படித்தான். சீனப் புத்தாண்டுக்கு நான் வீட்டுக்குப் போற வரைக்கும் எந்த டாக்டரையும் பார்க்க மாட்டார்" என்றாள். பிறகு பழைய குரலில்: "மேலே அனுப்பறேன். ஆனா ஜனவரி சரிஞ்சுதுன்னா என்னால உங்களைக் காப்பாத்த முடியாது."

காப்பாற்ற வேண்டாம். ஜனவரி வந்தால் போதும்.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். அப்பா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பினால் அடுத்த வரிசையில் தியா பாசிங். தலையணை மாதிரி கட்டுப் போட்ட காலோடு நடந்து வந்தவர், இப்போது சின்னக் கட்டோடு நிற்கிறார். பக்கத்துக் கல்லறைக்கு வந்த அத்தனை பேரிடமும் "என் மக ரியாத்திலேர்ந்து ஏற்பாடு பண்ணினது" என்று என்னைக் காட்டிச் சொன்னார். என்னையும் மகளே அனுப்பி வைத்த மாதிரி.

அக்டோபருக்கு நான்கு சொன்னேன். நான்குதான்.

டிசம்பர் 16, திங்கள்

முதல் விடியற்காலைப் பூசை. கோயில் வாசலில் சுடச்சுட பிபிங்கா அப்பம். வாழையிலையோடு கையைச் சுட்டுக்கொண்டேன்.

ஒன்பது நாளும் விடாமல் போனால் கேட்டது கிடைக்கும். ஒரு வருடம்கூட நான் முடித்ததில்லை, ஏதாவது ஒரு வேலை வந்து கெடுக்கும். இந்த வருடம் கேட்க வேண்டியது இருக்கிறது. ஜனவரியைக் கொடு. வேறொன்றும் வேண்டாம்.

டிசம்பர் 20, வெள்ளி

பூஜ்யம். சொன்னபடியே ஒரு ஈ காக்கை இல்லை. ஆர்னெல் காத்திருக்கும் அறையின் பெஞ்சில் கிறிஸ்துமஸ் விளக்குகளைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான்.

மதியம் ஹுய் லிங். குரல் சரியில்லை. "மேலே பயப்படறாங்க. டிசம்பர்ல ஒருத்தர்கூட இல்லைன்னா எதுக்கு ஜனவரி வரைக்கும் காத்திருக்கணும், இப்பவே மூடிடலாம்னு பேச்சு."

எனக்கு வந்ததே கோபம்.

"ஏன் மூடணும்? பூஜ்யம்னு எழுதிக் கொடுத்தேன், பூஜ்யம் வந்திருக்கு! செபுல எட்டுன்னு சொல்லி ரெண்டு பேரைக் கொண்டுவந்தவங்களுக்கு ஒண்ணுமில்லை. சொன்னது சொன்னபடி நடந்ததுக்கா எங்களுக்குத் தண்டனை?"

அவள் சிரித்துவிட்டாள். உண்மையான சிரிப்பு. "இதை அப்படியே மேல சொல்றேன். சொல்லட்டுமா?"

"கத்தினதையும் சேர்த்துச் சொல்லுங்க."

சாயந்திரம் ஒரே வரியில் செய்தி வந்தது. ஜனவரி முடியும்வரை பொறுப்பார்களாம்.

டிசம்பர் 24, செவ்வாய்

எட்டு பூசை. ஒன்பதாவதுக்கு அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். விழித்தபோது வாசலில் வெயில்.

கேட்டதில் ஒன்பதில் எட்டுப் பங்காவது கிடைக்குமா?

ஜனவரி 6, திங்கள்

வரல. யாரும் வரல.

கப்பல்காரங்க எல்லாம் வந்துட்டாங்க, கடைத்தெருல பார்க்கிறேன், மால்ல பார்க்கிறேன், புது ஷூவும் தொப்பியுமா சுத்தறாங்க. ஆனா இங்க ஒருத்தனும் எட்டிப்பார்க்கல. இன்னும் ஊர் சுத்தி முடிக்கலையோ? இல்ல நான்தான் தப்பா நெனச்சுட்டேனோ? நாப்பது சொன்ன டாக்டருக்கும் இருபது சொன்ன எனக்கும் என்ன வித்தியாசம்? அவர் மரியாதைக்குச் சொன்னார், நான் திமிருக்குச் சொன்னேன், அவ்வளவுதானே!

டாக்டர் ஒரு கிண்ணம் பாச்சோய் வாங்கி என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அதுதான் இன்னும் மோசம். சூப்பு ஆறி, நூடுல்ஸ் ஊறிப்போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 9, வியாழன்

வந்தான்! தாயைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு, ஒரு யானை அளவு ஆள், எண்ணெய்க் கப்பலில் இரண்டாவது இன்ஜினியராம்.

"யாரு இங்க ஜோவிதா? எங்கம்மாகிட்ட, எனக்குக் கோவம் வருமான்னு கேட்டது நீங்கதானா?"

எழுந்து நின்றேன். "நான்தான்."

"வரும். என்னை விட்டுட்டுச் சேர்த்திருந்தீங்கன்னா வந்திருக்கும்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "இப்ப சொல்லுங்க, முதல்லேர்ந்து."

இன்ஜின் கையேட்டைப் படிக்கிற மாதிரி எல்லாவற்றையும் கேட்டான். வெறும் களிம்பு விஷயத்துக்கு மட்டும் முகம் சுருங்கியது. தாயிடம் குனிந்து, "உனக்குச் சம்மதமாம்மா? எனக்காகச் சொல்லாதே" என்றான். அந்த அம்மாள் சொன்ன 'சரி' வேறு மாதிரி இருந்தது. அதைப் பயமில்லாமல் எண்ணினேன்.

அவன் போகும்போது சொன்னதை எழுதிவைக்க வேண்டும்: "எங்க கப்பல்லயே இன்னும் நாலு பேர் அம்மா அப்பாவுக்கு இதே புண்ணு. சொல்லிவிடறேன்."

ஜனவரி 15, புதன்

பெஞ்ச் போதவில்லை. கண் பிரிவிலிருந்து இரண்டு பெஞ்ச் கடன் வாங்கினோம். ஒருவன் அப்பாவை முதுகில் தூக்கிக்கொண்டே மாடி ஏறி வந்தான், லிஃப்ட் இருப்பது தெரியாமல்.

ஜனவரி 27, திங்கள்

நேற்று முழுக்கத் திருவிழா முரசு, இன்னும் காதுக்குள் அடிக்கிறது. முகத்தில் சாயம் போகாமலே இரண்டு குடும்பங்கள் வந்தன. ஆர்னெல் சாப்பிட நேரமில்லாமல் நின்றுகொண்டே விழுங்குகிறான். இவ்வளவு சந்தோஷமாக நான் களைத்துப்போனதே இல்லை.

ஜனவரி 31, வெள்ளி

இருபத்து மூன்று.

ஹுய் லிங் இரண்டு கோடுகளையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் காட்டினாள். ஒன்றைக் காணோம் என்று நினைத்தேன். அவ்வளவு ஒட்டிக்கொண்டிருந்தன. "இந்த ஆய்வுல இருக்கிற எல்லா ஊர்லயும் சேர்த்து, களிம்பு வீணாகாதது உங்க ஊர்ல மட்டும்தான்" என்றாள். நிலையம் இருக்கிறது. அனைவரும் இங்கேயே காலைக் காட்டலாம். மணிலாவாவது விமானமாவது!

டாக்டர் வில்யாரூஸ் நடைவழியில் இதய மருத்துவரைப் பிடித்துவைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் அப்பவே சொன்னேன், டிசம்பருக்குப் பூஜ்யம்தான் போடணும்னு!"

என்னைப் பார்த்துவிட்டார். காது சிவந்துவிட்டது. போகட்டும், சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டேன். விட்டேனா? இல்லை. "ஒண்ணாவது போடுன்னு சொன்னது யாரு டாக்?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தேன். இதய மருத்துவர் சிரித்த சிரிப்பு மாடிப்படி வரை கேட்டது.

ஆர்னெல் பட்டத்தை மாற்றிவிட்டான். இனி நான் 'மனாங் பூஜ்யம்'.

மார்ச் 7, வெள்ளி

தியா பாசிங்குக்குக் கடைசிப் பரிசோதனை. புண் மூடிவிட்டது. அவருக்குக் கிடைத்தது எந்தக் களிம்பு என்று இன்னும் தெரியாது, ஆய்வு முடிந்தால்தான் தெரியும். அவருக்கு அந்தக் கவலை இல்லை. ரியாத்துக்கு வீடியோ போட்டு, போனைக் கீழே சாய்த்து, முதலில் காலைத்தான் காட்டினார். அப்புறம்தான் முகம்.

ஜூன் 10, செவ்வாய்

செபுவில் அடுத்த ஆய்வுக்கான கூட்டம். அதே நீள மேஜை, அதே டாக்டர்கள். ஆனால் இந்த முறை ஹுய் லிங் எத்தனை பேர் சேருவார்கள் என்று கேட்கவில்லை. உங்கள் ஊரில் யாருக்குக் கோபம் வரும், அவர்கள் எப்போது வீட்டில் இருப்பார்கள் என்று கேட்டாள். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தவாவோக்காரர் மெதுவாக, "அறுவடை முடியற வரைக்கும் எங்க ஊர்ல யாரும் வரமாட்டாங்க" என்றார். அத்தனை வருடமும் அது அவருக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை.

எங்கள் முறை வந்தது. டாக்டர் வில்யாரூஸ் மேல்கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"டிசம்பருக்குப் பூஜ்யம்" என்றார், மணி அடித்த மாதிரி.

ஹுய் லிங் ஏன் என்று கேட்கவில்லை. பூஜ்யம் என்று எழுதிக்கொண்டாள்.

இரவுக் கப்பலில் திரும்பும்போது விடுப்பு விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். டிசம்பர் பதினாறிலிருந்து இருபத்து நான்குவரை. இந்த வருடம் ஒன்பது பூசைக்கும் போகப்போகிறேன். என்ன கேட்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை.